ஒன்பது ஆட்டம் பாக்கி

கனோரா, சஸ்காச்செவன்
பிப்ரவரி 9

அன்புள்ள ஹாலியா அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்.

சம்பவத்தின்போது இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் நெஸ்டர், பக்கத்துப் பண்ணை வால்டர், சமையலறை ஜன்னலில் மாவுக்கையோடு நான். வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் யாரேமா பத்து நிமிஷத்துக்கு முன்பே காரில் ஏறிப் போய்விட்டார், அவரைச் சேர்க்கக் கூடாது. நாயைச் சேர்த்தால் நாலு.

நடந்தது ஜனவரி 28. வால்டர் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து விட்டு, தொழுவத்துக்குப் பின்னால் பனித்தளம் உறையவைத்துக் கொடுத்திருந்தார். இடுப்பு ஆபரேஷன் செய்த டாக்டர், ஏப்ரல் வரை ஸ்கேட்ஸைத் தொடக்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் கட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று சுற்று நன்றாகப் போனார். நாலாவது வளைவில் இடுப்பு விட்டுவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. வால்டர் கோதுமை மூட்டையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா என் சோலி முடிஞ்சுது, பாத்துக்கோ," என்றார் இவர்.

"என் வாயில வார்த்தைக்கு எங்க இடம்? இருக்கிறதே பதினோரு பல்லு," என்றார் வால்டர்.

கூடப் பிறந்தவளிடம் சொல்வது வெளியே சொல்வதாகாது என்று உனக்கு எழுதுகிறேன். கார்ல் அத்தானிடம் சொல்ல வேண்டாம். வீட்டில் அவர் அத்தான்தான், ஆனால் இவர் ஆடுகிற ஹாக்கி கிளப்பை நடத்துகிறவரும் அவர்தானே. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? குளிரில் கையுறை இல்லாமல் போகாதே.

உன் தங்கை
ஸ்டெஃபா


சஸ்கடூன்
பிப்ரவரி 13

என் தங்கம் ஸ்டெஃபா,

என்றென்றும் புகழ். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் காபி இறங்கவில்லை. பாவம் நெஸ்டர் தம்பி. நீ எப்படித் தாங்குகிறாயோ.

இங்கே அத்தானுக்கும் தூக்கமில்லை. உனக்கு விளங்குகிற மாதிரி சொல்கிறேன். லீக் எல்லாக் கிளப்புக்கும் ஒரே அளவில் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் அத்தனை பேர் சம்பளமும் அதற்குள் அடங்கி மூடி மூட வேண்டும். நம் நெஸ்டரின் சம்பளம் வருஷத்துக்கு அறுபது லட்சம் டாலர், இன்னும் மூன்று வருஷம். பெட்டியை அடைத்துக்கொண்டு கிடக்கிற பழைய கம்பளிக் கோட்டு என்று அத்தான் சொல்கிறார். நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். தம்பி கையெழுத்துப் போடாமல் அவரை வேறு கிளப்புக்கு அனுப்பவும் ஒப்பந்தத்தில் வழியில்லை.

அதெல்லாம் ஆண்கள் தலைவலி. நீ எனக்கு அவர் உடம்பைப் பற்றி மட்டும் எழுது. எத்தனை மாத்திரை, எத்தனை படி ஏறுகிறார், எந்தப் பக்கம் படுக்கிறார். போன் வேண்டாம், அவர் காதில் விழும். தேதி போட்டு எழுது. தேதி தெரிந்தால் அந்தந்த நாளுக்குரிய புனிதரிடம் வேண்டிக்கொள்வேன்.

முத்தங்களோடு
ஹாலியா


கனோரா
மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். தவக்காலம் ஒழுங்காகப் போகிறது. நான் பாலும் முட்டையும் விட்டேன், அவருக்கு மட்டும் உண்டு, ஃபாதரிடம் அனுமதி வாங்கியாயிற்று.

நீ கேட்டதற்குப் பதில். பிப்ரவரி 15, நாலு படி, கைப்பிடி பிடித்து. 22, ஆறு படி. மார்ச் 1, மறுபடி நாலு. மாத்திரை காலை இரண்டு, மதியம் இரண்டு, படுக்கும்போது மூன்று. இடது பக்கம் படுப்பதில்லை. காலுறையை நான் மாட்டிவிடுகிறேன். மருந்தின் பெயர்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவளுக்கு அகராதிதான் வாத்தியார், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

அவர் பேச்செல்லாம் அக்டோபர்தான். இதுவரை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொரு ஆட்டம் ஆடியிருக்கிறார். ஆயிரமாவது ஆட்டத்துக்கு லீக் வெள்ளி மட்டை கொடுக்கும். பனிமேல் கம்பளம் விரித்து, பெண்டாட்டி பிள்ளைகளையும் நிற்கவைத்துக் கொடுப்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, நான் ஒருத்தி நிற்பேன். முதல் ஆட்டத்துக்கு முன்பே மடத்துக் கன்னியரிடம் ஆயிரம் மெழுகுவத்தி மொத்தமாக வாங்கி வைத்தேன். ஆட்டத்துக்கு ஒன்று என்று மாதா படத்தின் முன் ஏற்றி வந்தேன். ஒன்பது மிச்சம் இருக்கிறது.

"ஆயிரம் முடியட்டும். அப்புறம் நீ உட்காருன்னு சொல்ற இடத்துல உட்கார்றேன். சொல்லாத இடத்துலயும் உட்கார்றேன்," என்கிறார்.

உன் மூட்டுவலியைப் பற்றி நீ எழுதவேயில்லை.

ஸ்டெஃபா


சஸ்கடூன்
மார்ச் 9

என் தங்கமே,

உன் கடிதம் வைரம். இப்படித்தான் எழுத வேண்டும். எனக்கென்ன, என் மூட்டு என்னோடு சாகட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். பனித்தளத்தில் விழுந்தது ஜனவரி 28தானே? காலையா, மாலையா? ஸ்கேட்ஸ் கட்டியிருந்தார் என்று எழுதியிருந்தாய், அது நிச்சயம்தானே? ஜெபத்தில் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று கேட்கிறேன். உடனே ஒரு வரி போடு.

ஹாலியா


கனோரா
ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். உயிர்த்தெழுந்தார்.

காலை, பதினொன்றரை மணி, ஸ்கேட்ஸ் கட்டியிருந்தார் என்று மார்ச் 12இல் எழுதியது கிடைத்திருக்கும்.

ஏப்ரல் 10 அன்று கிளப் டாக்டர் இவரைக் கூப்பிட்டனுப்பிப் பரிசோதித்தார். திரும்பி வரும்போது யோர்க்டன் ஊரைத் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார் இவர்.

"ஜனவரி இருபத்தெட்டாம் தேதி காலையில ஐஸ்ல விழுந்தீங்களே, அப்ப வலி எந்தப் பக்கம்னு அந்த டாக்டர் கேக்கிறான். மணி முதக்கொண்டு சொல்றான், ஸ்டெஃபா."

நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு இருந்தது நீ, நான், வால்டர்," என்றார். "நாய் பேசாது."

  வண்டியை எடு என்றார், எடுத்தேன்.

ஈஸ்டருக்குச் சுட்ட பாஸ்கா ரொட்டி இந்த வருஷம் சரியாக எழும்பவில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

ஸ்டெஃபா


சஸ்கடூன்
ஏப்ரல் 27

ஸ்டெஃபா கண்ணு,

ரொட்டி எழும்பாததற்குக் காரணம் ஈஸ்ட்தான், நீ கஞ்சத்தனம் பிடித்துப் பழைய பாக்கெட்டைப் போட்டிருப்பாய். மாவில் கொஞ்சம் ஆரஞ்சுத்தோல் துருவிப் போடு.

உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது, கணக்குப்பிள்ளை வேலைக்கே எடுக்கலாம் என்று அத்தான் நேற்றுக்கூடச் சொல்லிச் சிரித்தார்.

தம்பி இப்போது வலிக்கு என்ன எடுத்துக்கொள்கிறார்? பழைய மாத்திரைதானா, வேறு ஏதாவது ஊசி கீசி உண்டா? அக்காவிடம் மறைக்காதே.

ஹாலியா


கனோரா
மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்.

அத்தான் என் கையெழுத்தைப் பாராட்டியதாக எழுதியிருந்தாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன். அவருக்கு என் நன்றியைச் சொல். இனி இன்னும் தெளிவாக எழுதுகிறேன்.

மாத்திரை அவருக்குப் பற்றவில்லை. மார்ச் மாதத்திலிருந்து தொழுவத்துக் குப்பைவாளியில் சிறு கண்ணாடிக் குப்பிகள் கிடக்கின்றன. மேலே குதிரைப் படம். வால்டர் தன் கிழட்டுக் குதிரைக்கு வாங்கி வைத்தது. இவர் கெஞ்சியிருப்பார், அவரால் மறுத்திருக்க முடியாது. எனக்குத் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. நான் குப்பிகளைக் கழுவி, எண்ணி, மறுபடி வாளியிலேயே போட்டுவிடுகிறேன். மார்ச் 2 இரண்டு, மார்ச் 5 ஒன்று, முழுப் பட்டியலும் தனித்தாளில், பெரிய எழுத்தில் இருக்கிறது.

குப்பியில் குதிரையின் எடைக்குத் தகுந்த அளவு அச்சடித்திருக்கிறது. இவர் எடை நூற்றிரண்டு கிலோ. வகுத்துப் பார்த்தேன். அக்டோபரில் ஒன்பது ஆட்டம் ஆடினால் குறைந்தது பதினெட்டு குப்பி ஆகும். மனிதனுக்கு இருப்பது இரண்டே சிறுநீரகம்.

என் பேச்சைக் கேட்கமாட்டார். யாரிடம் சொன்னால் இவரை நிறுத்துவார்கள் என்று மாதாவிடம் ஒன்பது நாள் நவநாள் ஜெபித்தேன். பத்தாம் நாள் உன் கடிதம் வந்தது.

ஆனால் ஒன்று. வீட்டுக்கு அனுப்பும்போது மரியாதையோடு அனுப்பட்டும். ஆடாமல், பெஞ்சில் சும்மா உட்கார்ந்தாலும் அந்த ஒன்பதைக் கணக்கில் ஏற்றிக்கொள்ள வழியுண்டா என்று அத்தானிடம் கேட்டு எழுது.

ஸ்டெஃபா


கனோரா
ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். என் கேள்விக்கு நீ பதில் போடவில்லை. அத்தானே நேரில் வந்து பதில் சொல்லிவிட்டார்.

ஜூன் 28, என் சமையலறை மேஜை. இருந்தவர்கள்: அத்தான், கிளப் வக்கீல் அம்மாள், இவர், காபி ஊற்றுகிறவளாக நான்.

"சகல, இதை விரோதமா எடுத்துக்காதீங்க," என்று அத்தான் காகிதத்தை நகர்த்தினார். "டூசான் கிளப்புக்கு மாத்திக்கச் சம்மதம்னு ஒரு கையெழுத்து. சம்பளம் ஒரு காசு குறையாது."

"டூசானா? பாலைவனத்துல என்னத்த ஆடுறது?"

"ஆடச் சொல்லி யார் கேட்டா? நீங்க அங்க போகவே வேணாம். பேரு மட்டும் போனாப் போதும்."

இவர் சர்க்கரைக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். "ஒன்பது ஆட்டம், கார்ல். கடைசி ஆளா உட்காத்தி வை. ஆட்டத்துக்கு ஒரு நிமிஷம் எறக்கி விடு. கணக்குல ஏறிடும்."

"ஒரு நிமிஷத்துக்கு அறுபது லட்சம் இடமா? என் இடத்துல நீங்க இருந்தா எனக்குக் குடுப்பீங்களா? வெள்ளி மட்டைதானே வேணும், சகல? கிறிஸ்துமஸுக்கு நானே கடையில வாங்கித் தரேன்."

வக்கீல் அம்மாள் குனிந்து சிரித்தாள். பிறகு அத்தான் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வாசித்தார். மார்ச் 2 இரண்டு குப்பி. மார்ச் 5 ஒன்று. நிதானமாக, மே 17 வரைக்கும். என் பட்டியலில் ஒரு வரிகூட விடவில்லை.

"இது லீகுக்குப் போச்சுன்னா தடை. சம்பளமும் போயிடும். குதிரை மருந்து போட்டு ஆடப் பாத்தவன்னு பேரு நிக்கும், தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு நிக்காது."

"யார் சொன்னா?" என்றார் இவர்.

"சொன்னவங்க உங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க." அத்தான் என் பக்கம் திரும்பவேயில்லை. தட்டைப் பார்த்து, "உன் தேன்கேக்குக்கு ஈடே கிடையாது, ஸ்டெஃபா," என்றார்.

இவர் கையெழுத்துப் போட்டார். பேனா என்னுடையது, மளிகைக் கணக்கு எழுதுவது.

ஸ்டெஃபா


சஸ்கடூன்
ஜூலை 6

ஸ்டெஃபா,

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று நாங்கள் மாதாவுக்கு நன்றி சொன்னோம். நீ கோபமாக எழுதியிருக்கிறாய் என்று அத்தான் நினைக்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கேள். லீக் விதிப்படி பெட்டி நிரம்பி வழியவும் கூடாது, பாதிக்காலியாகக் கிடக்கவும் கூடாது. டூசான்காரர்களின் பெட்டி காலி. ஆடவே முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஆளின் சம்பளத்தை இன்ஷூரன்ஸ் கொடுத்துவிடும். ஆக அவர்களுக்குக் கைக்காசு போகாமல் பெட்டி நிரம்பிவிடும். அப்படியும் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் முதல் சுற்றில் ஒரு இளம் ஆட்டக்காரனைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமையைச் சீராகக் கூட வைத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. முப்பத்தாறு வயதில் தம்பியைச் சீர் செய்து கட்டிக்கொடுத்தோம் என்று அத்தான் விருந்தில் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காலியான இடத்தில் ஒரு ஸ்வீடன் பையன் வருகிறான். தம்பி போட்டிருந்த நாலாம் நம்பர் சட்டையைக் கேட்டானாம், கொடுத்துவிட்டார்கள்.

நீ விரும்பியதும் நடந்துவிட்டது. அவர் வீட்டில் இருக்கிறார். குழந்தைபோல முகத்தை வைத்துக்கொள்ளாதே. உன் மே மாதக் கடிதத்தை எழுதியது யார், நானா?

நாங்கள் ஏரிக்குப் போகிறோம். கொஞ்ச நாள் எழுத வேண்டாம். என் கடிதங்களை அடுப்பில் போட்டுவிடு.

ஹாலியா


கனோரா
ஆகஸ்டு 20

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். ஏரியிலிருந்து திரும்பியிருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

குப்பி விஷயம் தெரிந்தவர்கள் தானும் வால்டரும் ஆக இரண்டே பேர் என்பது இவர் கணக்கு. ஜூலை 9 அன்று ஊன்றுகோலோடு வேலிவரை நடந்து போனார். நான் பின்னாலேயே போனேன். வால்டர் களைவெட்டிக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன விலைக்கு வித்தே?" என்றார் இவர்.

"எதை?"

"என்னை."

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து வால்டர் வாய்விட்டுச் சிரித்தார். "உன்னை எவன்டா வாங்குவான்? கூடச் சீர் வச்சில்ல அனுப்பணும்?"

சீர் விஷயம் அந்த வாரம் எல்லாப் பேப்பரிலும் வந்திருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுத்தான் சொன்னார். கிளப் ஆட்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார். ஊன்றுகோல் வாயில் விழுந்தது. பதினோரு பல் இருந்தது, ஒன்பதாயிற்று. வால்டர் திருப்பி அடிக்கவில்லை. கீழே கிடந்த இரண்டையும் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் இவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

நான் மூன்று ஞாயிறாகக் கோயிலில் திருவிருந்து வாங்கவில்லை. ஃபாதர் காரணம் கேட்டார், வயிறு சரியில்லை என்றேன்.

டூசானிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வரவேற்கிறோம், வர வேண்டாம், வங்கிக் கணக்கு எண் மட்டும் வேண்டும் என்றாள். எண்ணை நான்தான் சொன்னேன். சம்பளம் சரியாக வருகிறது. இவர் ஒரு பைசா தொடவில்லை.

இப்போது எழுதவந்த விஷயம். இவரைப் பற்றிக் கிளப் வைத்திருந்த கோப்பு முழுவதையும் பார்க்க இவருக்கு உரிமை உண்டு என்று ஆட்டக்காரர் சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். மனுப் போட்டுவிட்டார். "வால்டர் பேரை எழுத்துல பாத்துட்டா மனசு ஆறிடும்," என்கிறார்.

அந்தக் கோப்பில் இருப்பது என் கடிதங்களா, அல்லது அத்தான் யாரையாவது வைத்துத் தட்டச்சு செய்துகொண்டாரா? தெரிவிக்கவும்.

ஸ்டெஃபா


கனோரா
அக்டோபர் 7, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். ஆகஸ்டுக் கடிதத்துக்குப் பதில் இல்லை. செப்டம்பரில் மூன்று முறை போன் செய்தேன், உன் வீட்டு மெஷின் பேசியது. சுகமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று தபால் ஆபீசிலிருந்து சீட்டு வந்தது. கிளப்பிலிருந்து இவர் பேருக்குத் தடித்த உறை ஒன்று வந்திருக்கிறது, அவரே வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். என்னிடம் கொடுக்க மாட்டார்களா என்று காலையில் போய்க் கேட்டேன். எடையை மட்டும் சொன்னார்கள், நானூற்று இருபது கிராம். என் கடிதங்கள் எத்தனை தாள் என்று ஞாபகப்படுத்தி, அத்தனை வெற்றுத் தாள்களை எடை போட்டுப் பார்த்தேன். அவற்றுக்கும் இடம் இருக்கிற எடைதான். வெள்ளிக்கிழமை காலை போய் வாங்கிக்கொள்வதாக இவர் சொல்லியிருக்கிறார். சவரம் செய்துகொள்ளப் புது பிளேடு கேட்டார். ஆறு மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள்.

அவரை வீட்டுக்குள் கொண்டுவர நினைத்தேன், வந்துவிட்டார். ஜன்னலோரம் உட்காருகிறார். நான் சொல்லாத இடம். குப்பிகள் நின்றுவிட்டன, படி பன்னிரண்டு ஏறுகிறார், இடது பக்கம்கூடப் படுக்கிறார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும், அக்கா. பதினேழு வருஷமாக அவர் பைக்குள் நான் எழுதி வைக்கும் சீட்டுகளைப் படித்துவிட்டுத்தான் களத்தில் இறங்கினார்.

நாளை ஆட்டப் பருவம் தொடங்குகிறது. ஒன்பது மெழுகுவத்தியையும் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

தபாலில் போட்டால் வெள்ளிக்குள் உன் பதில் வராது. அதனால் இதைக் கையில் கொடுத்தனுப்புகிறேன். கொண்டுவருகிறவர் வால்டர். சஸ்கடூனில் பல் கட்டுவதற்கு நாளைக்கு வருகிறார், வியாழன் திரும்புகிறார். கேட்கத் தயங்கித்தான் கேட்டேன். "குடுங்கம்மா. பேசாம இருக்கிறது உங்க வீட்டுக்காரர்தானே, நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவரை வாசலில் நிற்கவைக்காதே. உள்ளே உட்காரவைத்துக் காபி கொடு, ஆற்றிக் கொடு, ஈறு புண்ணாக இருக்கும். அவர் குடித்து முடிப்பதற்குள் ஒரு வரி எழுதிவிடலாம். கோப்பில் இருப்பது கையெழுத்தா, தட்டச்சா? அது ஒன்று போதும். உறையை நன்றாக ஒட்டி அவரிடமே கொடு. வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

ஸ்டெஃபா